யாதொரு பாத்தியதையும் இல்லை

இலங்கைக்குப் போய்வர எனக்கு எட்டு நாள் விசா கொடுத்தார்கள். அதை வாங்குவதற்கு நான் நடந்த நடைக்கு நியாயமாகப் பார்த்தால் எண்பது நாள் கொடுத்திருக்க வேண்டும். என் பெரியப்பா முசிறியிலிருந்து கிளம்பிய காலத்தில் கங்காணி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றிவிட்டானாம். பாஸ்போர்ட் என்ற சொல்லையே பெரியப்பா கேட்டிருக்க மாட்டார். அப்போது நம்மையும் அவர்களையும் வெள்ளைக்காரன் ஆண்டான். இப்போது இரண்டு நாடும் சுதந்திரம் வாங்கிவிட்டன. ஆகவே என் போட்டோ, என் அப்பா பெயர், வலது முழங்காலில் உள்ள மச்சம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். போதாததற்கு மண்டபம் முகாமில் கையைப் பிடித்து அம்மை ஊசியும் குத்திவிட்டார்கள்.

இரண்டு அரசாங்கமும் மேடைக்கு மேடை 'சகோதர நாடு' என்று பேசிக்கொள்கின்றன. சகோதரர்கள் என்றால் வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் இருக்கத்தான் செய்யும். அது எனக்குத் தெரியாதா? முசிறி தாலுகா ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் ஒரு டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷமாக மனு எழுதிப் பிழைக்கிறேன். 'மேற்படி' என்ற சொல்லை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதில் இந்த ஜில்லாவில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பெரியப்பாவின் மகள் மாரியாயி தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். பிறந்தது அங்கே, கொழுந்து பறிப்பது அங்கே, புருஷனைப் பறிகொடுத்ததும் அங்கே. முசிறியை அவள் பார்த்ததில்லை. நான் அவளைப் பார்த்ததில்லை. பொங்கலுக்கு ஒரு கடிதம், தீபாவளிக்கு ஒரு கடிதம், அவ்வளவுதான் உறவு. இந்த வருஷம் நடுவில் ஒரு கடிதம் வந்தது. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு அவள் போட்ட மனு விசாரணைக்கு வருகிறது. இந்தியாவில் அவளுக்குச் சொத்துப்பத்து எதுவும் இல்லை என்று கிராமக் கணக்குப் பார்க்கும் கர்ணத்திடம் எழுதி வாங்கித் தபாலில் அனுப்ப வேண்டும். அவசரத்துக்குக் காரணம் அவள் மகள் தெய்வானை. அந்தப் பெண் ஆசிரியர் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறாள். அம்மா இலங்கைப் பிரஜை என்று இரண்டு மாதத்துக்குள் காகிதம் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் அவளும் கூடையை மாட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான்.

கர்ணத்தைப் பிடித்து, நானே வாசகம் சொல்லி எழுதி வாங்கினேன். "மேற்படி மாரியாயிக்கு மேற்படி கிராமத்தில் நிலமோ, மனையோ, வேறு யாதொரு பாத்தியதையுமோ இல்லை." ஆங்கிலத்தில் ஒரு நகல் டைப் அடித்து, தாசில்தார் முத்திரையும் போட்டாயிற்று. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. இப்படிப்பட்ட ஒன்றைத் தபால்காரன் பையில் போட எனக்கு மனசு வரவில்லை. நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்குத் தனி மதிப்புதானே? அப்படியே சிலோனையும் பார்த்துவிடலாம். அசல் சிலோன் டீயை அது விளைகிற இடத்திலேயே உட்கார்ந்து குடிக்கலாம். இப்படித்தான் நான் கிளம்பினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் தலவாக்கலையில் இறங்கினேன். ரயில் மூன்று மணி நேரம் தாமதம். வழியில் மண் சரிந்திருக்கிறது என்றார்கள். நம் ஊர் ரயில் காரணம் சொல்லாமல் தாமதமாகும்; இங்கே காரணம் சொல்லித் தாமதமாகிறது. தோட்டத்துப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், இரண்டாவது திருப்பத்தில் அது நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, முன்மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினார். எல்லோரும் மறு பேச்சில்லாமல் இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். விசா வாங்கிக்கொண்டு வந்து பஸ் தள்ளிய முதல் இந்தியன் நானாகத்தான் இருப்பேன்.

பஸ் அசையவில்லை. பின்னால் வந்த தோட்டத்து லாரி என் பெட்டியைப் பார்த்து இரக்கப்பட்டு நின்றது. லாரிக்காரர் பியசேன சிங்களவர். தோட்டத்துத் தமிழ் பேசினார்; 'ஐயா' மட்டும் சிங்களத்தில் 'மாத்தயா' என்று வந்தது.

"மாத்தயா இந்தியாவா? மேல ஏறுங்க. அரிசி மேல ஒக்காருங்க. அதும் வெளியூருதான்."

மூட்டைகளின் மேல் சீன எழுத்து இருந்தது. இந்த நாடு சீனாவுக்கு ரப்பர் கொடுக்கிறதாம், சீனா அரிசி கொடுக்கிறதாம். முகம் பார்த்துப் பழகாத இரண்டு தூரத்து நாடுகள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மூட்டை மூட்டையாக அனுப்பிக்கொள்கிறார்கள். இருபத்தைந்து மைல் கடலைத் தாண்டி என்னை அனுப்பத்தான் இரண்டு அரசாங்கத்துக்கும் மூச்சு முட்டிவிட்டது. சீன அரிசியின் மேல் உட்கார்ந்து, மழையில் நனைந்துகொண்டே தோட்டம் போய்ச் சேர்ந்தேன். அரிசிக்குத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். எனக்கு இல்லை.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய காம்பராக்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. மாரியாயி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் கூடைக் கயிறு அழுத்திய தடம் நெற்றிக்கு மேலே கோடாக இருந்தது.

"ஆத்தாடி! எங்கப்பா மொகம் அப்புடியே இருக்கே! காயிதத்த அனுப்பச் சொன்னா ஆளே வந்துருச்சே!"

"நீங்க நல்லா இருக்கீங்களாக்கா?" என்றேன்.

"என்னா தம்பி, நீங்க நாங்கன்னுக்கிட்டு? நான் என்ன கண்டாக்கையாவா? அக்கான்னா நீன்னு சொல்லு."

கண்டாக்கையா என்றால் தோட்டத்து மேற்பார்வை உத்தியோகஸ்தராம். அந்த நிமிஷத்திலிருந்து அவளை 'நீ' என்றுதான் பேசினேன். சும்மா சொல்லக்கூடாது, முப்பது வருஷம் கூடவே வளர்ந்த மாதிரி இருந்தது. ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து, தட்டு நிறையப் போட்டாள். உறைப்பில் கண்ணில் நீர் வந்தது. முதல் நாளே அழ வேண்டாம், போகும்போது அழலாம் என்று சிரித்தாள்.

அடுத்து வந்தது தேத்தண்ணீர். நான் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதற்காகத்தானே பாதி தூரம் வந்தேன்! ஒரு வாய் குடித்தேன். முசிறி பஸ் ஸ்டாண்டு டீயே தேவலை.

"இது தூளு மாமா. கடேசியா சலிச்சு விழுறது. நல்லதெல்லாம் பெட்டியில போட்டு லண்டனுக்குப் போயிருது," என்றாள் தெய்வானை. இருபது வயது. ஒல்லி. பேச்சு மட்டும் கனம். "அந்த மலையில நாங்க புடுங்கறோம், அந்த ஸ்டோர் மெசினுல வறுக்கறோம். குடிக்கணும்னா லண்டனுக்குத்தான் விசா வாங்கணும்."

மூன்றாம் நாள் காலை மாரியாயி ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். சாயங்காலம் வந்ததும் நான் விசாரணை ஒத்திகையை ஆரம்பித்தேன். மனு எழுதுகிறவனுக்குக் கட்சிக்காரரைத் தயார் பண்ணத் தெரியாதா? நான்தான் அதிகாரி. தெய்வானை குமாஸ்தா. அரிசிப் பெட்டி மேஜை.

"பேர் என்ன?"

"மாரியாயிங்க."

"எங்க பொறந்தீங்க?"

"இந்தத் தோட்டந்தாங்க."

"ஊர் எது?"

"முசிறிங்க."

"அக்கா!"

"என்னா தம்பி?"

"முசிறின்னு சொல்லக் கூடாது. சொன்னா, இவ இந்தியாக்காரின்னு எழுதிக் கேச முடிச்சுருவான். நீ முசிறியப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்பறம் எப்படி அது ஒன் ஊரு?"

"ஊர் எதுன்னு கேட்டா ஊரத்தானே சொல்லணும்? இது தோட்டம் தம்பி. தோட்டம் எப்புடி ஊராவும்?"

இதில்தான் இருக்கிறது அத்தனை வினையும். இவர்கள் பேச்சில் 'ஊர்' என்றால் கடலுக்கு அந்தப் பக்கம். குடியிருக்கிற இடம் தோட்டம். கடை கண்ணி இருக்கிற இடம் டவுன். ஊர் என்பது அப்பனோ பாட்டனோ கப்பலேறிய இடம். நான் நம்பாமல் அந்த லயத்தில் வாசல் வாசலாகப் போய்க் கேட்டேன். பக்கத்துக் காம்பராச் சின்னான், அப்பா காலத்திலிருந்து இந்தத் தோட்டமே கதி என்று கிடப்பவன், புதுக்கோட்டை என்றான். அடுத்தவர் துறையூர். அதற்கடுத்த அம்மாள், தம்மம்பட்டி என்று சொல்லிவிட்டு, அது எந்தப் பக்கம் இருக்கிறது தம்பி என்று என்னிடமே கேட்டாள். ஒருவராவது காலுக்குக் கீழே இருக்கிற மண்ணைச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை அதிகாரி கேட்டால் போதும், ஒரு லயத்தையே கப்பலேற்றிவிடலாம்.

ஆகவே திரும்பத் திரும்ப ஒத்திகை நடத்தினேன். "ஊர் எது?" "முசி... தோட்டங்க!" "முசி வரக் கூடாது அக்கா." "நாக்குல வந்து நிக்கிது தம்பி, நான் என்னா பண்ண?" நாலாம் நாள் சாயங்காலத்துக்குள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தோட்டம் என்று சொல்லும் அளவுக்குத் தேற்றிவிட்டேன். எனக்கு ஒரே பெருமை.

அன்றைக்குத் தோட்டத்துக் கடைக்கு உப்பு வாங்கப் போனேன். கடையில் பம்பாய் வெங்காயம் என்று ஒரு கூடை, மைசூர்ப் பருப்பு என்று ஒரு சாக்கு. ஊர்ப் பெயரை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தன. எத்தனை தலைமுறையாக இங்கே குழம்பில் வேகிறாய் என்று பருப்பை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மனுவும் தள்ளுபடியாகியிருந்ததாம்.

இருட்டுமுன் சாப்பிட உட்கார்ந்தபோது, சர்ட்டிபிகேட்டை விரித்து மாரியாயிக்கு வாசித்துக் காட்டினேன். தெய்வானையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். 'யாதொரு பாத்தியதையும்' என்ற இடத்தில் குரலை ஏற்றி வாசித்தேன். மாரியாயி கவனமாகக் கேட்டாள்.

"பாத்தியதன்னா என்னா தம்பி?"

"உரிமை. பங்கு."

"எங்கப்பாவுக்கு அங்க ஒரு பங்கு வயலு இருந்துச்சுன்னு சொல்லுமே?"

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இருந்தது. ஆற்றுப் பாய்ச்சலில் நல்ல வயல். பெரியப்பா கப்பலேறிய பிறகு அதை என் அப்பா உழுதார்; பிறகு அது என் அப்பா பெயருக்கு மாறியது. இப்போது என் பெயரில் இருக்கிறது. சர்ட்டிபிகேட்டில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. அவளுக்கு அங்கே ஒன்றும் இல்லைதான். ஏன் இல்லை என்பதைக் கர்ணத்திடம் யாரும் கேட்கவில்லை.

"அது அப்பவே எங்கப்பா பேருக்கு மாறிடுச்சுக்கா," என்றேன்.

"சரி விடு. இப்ப பாரு, அதுவும் நல்லதாப் போச்சு. இருந்திருந்தா இந்தக் காயிதம் கெடைச்சிருக்குமா?" அவள் வெள்ளை மனசோடு சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தெய்வானை மட்டும் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. சீனத்து அரிசி கொஞ்சம் விறைப்பு என்று சொல்லிக் கை கழுவிவிட்டேன்.

ஐந்தாம் நாள் மூன்று பேரும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினோம். இந்த பஸ் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றுவிடுவேன் என்று பயமுறுத்தியது. நுவரெலியாவில் குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது, ஏரி இருக்கிறது, சீமை வீடுகள் இருக்கின்றன, பல் தந்தியடிக்கிற குளிர் இருக்கிறது. வெள்ளைக்காரன் போகிறபோது எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவன் கூட்டிக்கொண்டு வந்த ஆட்களையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்பதுதான் இங்கே விவகாரம்.

விசாரணை நடந்த கட்டடத்தின் வெளியே அறுபது எழுபது பேர் குளிரில் நின்றார்கள். ஆளாளுக்கு ஒரு தகரப் பெட்டி. உள்ளே பிறந்த சீட்டு, அரிசிக் கூப்பன் புத்தகம், துரை எழுதிய கடுதாசி. ஒருவர் தன் அப்பா கப்பலேறியபோது கழுத்தில் கட்டிவிட்ட நம்பர் போட்ட தகர வில்லையைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். இன்னொருவர் கையில் ஒரே ஒரு துண்டுக் காகிதம்.

"இது என்னங்க?" என்றேன்.

"எம் பொஞ்சாதிய இங்கதாங்க பொதைச்சிருக்கு. கண்டாக்கையா எழுதிக் குடுத்திருக்காரு. நான் நெரந்தரமா இங்கதான் இருக்கேன்னு காட்டணுமுல்ல?"

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ அத்தாட்சி பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

உச்சிப் பொழுதுக்கு எங்கள் முறை வந்தது. அதிகாரி சிங்களவர், கண்ணாடி போட்டவர், களைத்துப்போனவர். ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். தெய்வானை அம்மாவின் பின்னால் நின்றாள்.

பெயர், பிறந்த இடம், எத்தனை தரம் இந்தியா போனாய் என்றெல்லாம் கேள்விகள் போயின. ஒரு தரமும் போகவில்லை. காசு அனுப்பினாயா? இல்லை. பிறகு அது வந்தது.

"அம்மா, உங்கட ஊர் எது?" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

மாரியாயியின் உதடு 'மு' என்று குவிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"தோட்டந்தாங்க. நான் பொறந்த தோட்டந்தாங்க என் ஊரு."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். சர்ட்டிபிகேட்டை எடுத்து இரண்டு தரம் வாசித்தார். நல்ல ஆங்கிலம், யார் எழுதியது என்று கேட்டார். நான் ஓர் அடி முன்னால் போய் நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் நின்றேன்.

"நீங்கள் இவவுக்கு என்ன முறை?"

"தம்பிங்க. பெரியப்பா மக."

"இந்தக் கடதாசியை ஏன் தபாலிலை அனுப்பேல்லை?"

"நேர்ல குடுத்தாத்தாங்க அதுக்கு மதிப்பு."

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி லேசாகச் சிரித்துவிட்டு வேறொன்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

"இதுக்கு முந்தி இவவைப் பார்த்ததே இல்லை எண்டுறீங்கள். முகம் தெரியாத ஆளுக்காகவோ கடல் கடந்து வந்தனீங்கள்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நிமிர்ந்து சொன்னேன்:

"பாக்கலன்னா என்னங்க? நம்ம ஊருப் பொண்ணாச்சேங்க!"

யாழ்ப்பாணத்துக்காரர் இன்னும் மொழிபெயர்க்கவே இல்லை. அதற்குள் அதிகாரி பேனாவை நிமிர்த்திவிட்டார்.

"ஊர்?" என்றார். தமிழிலேயே.

தமிழில் அந்த மனிதருக்கு வேறு ஒரு சொல்லும் தெரியாது என்று பிறகு அறிந்தேன். நூற்றுக்கணக்கான விசாரணையில் கேட்டுக் கேட்டு இந்த ஒன்றைக் கற்றிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர் பாவம், சமாளித்துப் பார்த்தார். சொந்தக்காரர் என்கிற அர்த்தத்தில் சொல்கிறார், வெறும் பேச்சு வழக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னது எனக்கும் புரிந்தது. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். நிறைய எழுதினார். இரண்டு நாள் அவள் நாக்கைக் கட்டிப்போட்டவன் என் நாக்கைக் கட்டிப்போட மறந்துவிட்டேன்.

வெளியே வந்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் சுருட்டுப் பற்றவைக்க வருகிற மாதிரி எங்கள் பக்கம் வந்தார்.

"நான் சொன்னதாக் காட்டிக்கொள்ளாதேயுங்கோ, அம்மா. மனு தள்ளுபடிதான். உறவு விட்டுப்போகேல்லை, இந்தியாவிலை வேர் இருக்கு எண்டு எழுதிப்போட்டார். அப்பீல் பண்ணலாம். ஆனால் இனி அங்கயிருந்து ஆளோ கடிதமோ ஒண்டும் வரப்படாது. வந்தால் அதையும் எடுத்துக் காட்டுவினம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தபாலிலை அனுப்பியிருக்கலாம், ஐயா."

டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். மாரியாயி எனக்கு பனிஸ் ரொட்டி வாங்கி முன்னால் வைத்தாள். அப்போதும் சாப்பிடச் சொல்லி உபசாரம் செய்கிறாள்! நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அங்கே வந்துவிடுங்கள், இந்தியப் பக்கம் ஒரு மனு எழுதிப் பார்க்கிறேன், தெய்வானைக்கு அங்கே டீச்சர் வேலை கிடைக்காமலா போகும் என்று ஏதேதோ உளறினேன். தெய்வானை கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஒங்க ஊருல எங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு எழுத்துல குடுத்தீங்க மாமா. நம்ம ஊருப் பொண்ணுன்னு வாயால சொன்னீங்க. அவங்க ரெண்டாவத நம்பிட்டாங்க. நாங்க எத நம்புறது?"

"மாமாவ ஏசாத புள்ள," என்றாள் மாரியாயி. "அதுக்கு என்னா தெரியும்? பாசத்துல சொல்லிருச்சு."

ஏசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். பாசம் என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த வயலை நினைத்துக்கொண்டேன். அதில் உனக்கும் பங்கு உண்டு என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் நாள் மாரியாயி வழக்கம்போல் மலைக்குப் போனாள். தெய்வானை அப்பீல் மனுவைத் தானே எழுதினாள். நான் உதவுகிறேன் என்றேன். வேண்டாம் மாமா, உங்கள் எழுத்து நடை அவர்களுக்குத் தெரியும் என்றாள். எட்டிப் பார்த்தேன். நல்ல ஆங்கிலம். 'மேற்படி' ஒன்றுகூட இல்லை; என்ன நடந்ததோ அதை நேராக எழுதியிருந்தாள். என் தொழிலில் இப்படி எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஏழாம் நாள் ரயிலேற்ற மாரியாயி மட்டும் தலவாக்கலை வரை வந்தாள். காகிதத்தில் மடித்த தேயிலைத் தூளை என் பையில் வைத்தாள். ரயில் ஊதிய பிறகுதான் சொன்னாள்.

"தம்பி, இனிமே கடுதாசி போடாத. தீவாளிக்கும் வேணாம், பொங்கலுக்கும் வேணாம். நானும் போட மாட்டேன். புள்ள வாத்திச்சி ஆவணுமுல்ல? கோவிச்சுக்காத."

"ஏதாவது ஒண்ணு ஆனா எனக்கு எப்படித் தெரியும் அக்கா?"

"தெரியாதுதான்," என்றாள். "தெரிஞ்சாத்தானே இப்ப தப்பாப் போவுது?"

ரயில் நகர்ந்தது. ஐம்பது வயசுக்காரி மேடை முடிகிற வரைக்கும் ஜன்னலோடு ஓடி வந்தாள். அன்றைக்கு அழுதது நான்தான்.

எட்டாம் நாள் தலைமன்னார்த் துறையில் விசா முடிய இன்னும் சில மணி நேரமே இருந்தது. பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி தமிழர்.

"இஞ்ச ஆரைப் பார்க்க வந்தனீர்?" என்றார்.

பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்வார். எழுதியது ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நடந்து போகும். காகிதத்தின் கால் எவ்வளவு நீளம் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

"யாரையும் இல்லீங்க. தேயிலை பாக்க வந்தேன்."

"தேயிலை பார்க்கவோ! சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ?"

"ஒருத்தரும் இல்லீங்க."

முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பதினெட்டு வருஷமாகப் பிறருக்காகப் பொய்யை அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாயால் சொல்லும்போது இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்பீல் என்ன ஆயிற்று, தெய்வானை பயிற்சிக்குப் போனாளா, கூடை மாட்டினாளா, எனக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் எழுதிக் கேட்க வேண்டும். இரண்டு தீபாவளி போய்விட்டது, நான் எழுதவில்லை. ஆனால் இதை அச்சில் பார்த்துவிட்டு எந்த மேஜையிலாவது யாராவது கத்தரித்துக் கோப்பில் சேர்க்க நினைத்தால், அவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். தோட்டம் தலவாக்கலைப் பக்கம் இல்லை. அக்காவின் பெயர் மாரியாயியும் இல்லை, மகள் பெயர் தெய்வானையும் இல்லை. தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.